அறுபத்தொன்றாவது பெயர்

பள்ளிக்கு வராத ஒரு பெண் குழந்தை வந்ததாக ஓர் ஆண்டு முழுக்க வருகைப் பதிவேட்டில் எழுதினேன். என் மகளின் வேலைக்காக எழுதினேன். இதுவரை யாரும் கேட்கவில்லை, அவளைத் தவிர வேறு யாரிடமும் நானும் சொல்லவில்லை. இப்போது எனக்கு அறுபத்தாறு வயது. கேட்கக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

திருவண்ணாமலையில் பேகோபுரம் பக்கம் ஒரு சந்தில் எங்கள் பள்ளி இருந்தது. அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி. கட்டடமும் நிர்வாகமும் தனியாருடையவை. சம்பளம் மட்டும் அரசு கொடுக்கும். எத்தனை ஆசிரியருக்குச் சம்பளம் என்பதைப் பிள்ளைகளின் தலையை எண்ணி முடிவு செய்வார்கள். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். அறுபத்தொன்று ஆகிவிட்டால் மூன்று. எண்ணும் நாள் ஆகஸ்ட் முதல் தேதி. நான் தலைமை ஆசிரியராக இருந்த பதினோரு ஆண்டுகளும் என் வாழ்க்கை அந்த ஒரு தேதியைச் சுற்றியே நடந்தது.

மே மாத வெயிலில் தெருத்தெருவாகப் போவோம். ஐந்து வயது ஆன பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது, எந்த வீட்டில் இருந்து வேன் பள்ளிக்குப் போகப் போகிறது என்று விசாரிப்போம். நோட்டு வாங்கித் தருகிறோம், பை வாங்கித் தருகிறோம், ஆட்டோ வைத்துக் கூட்டிப்போகிறோம் என்று சொல்வோம். குழாயடியில் பெண்கள் கேலி செய்வார்கள்.

"பிள்ள புடிக்கிறவங்க வந்துட்டாங்கடி!"

"இன்னா சார், இந்த வருசமும் பேக் மட்டுந்தானா? எங்க வீட்டுக்காரருக்கு ஒரு செருப்பு வாங்கிக் குடுங்க, ரெண்டு புள்ளையும் அனுப்பறேன்."

சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போவோம். அப்படியும் ஒவ்வோர் ஆண்டும் எண்ணிக்கை இறங்கிக்கொண்டுதான் வந்தது.

நான் சொல்லப்போகும் ஆண்டில் என் மகள் அதே பள்ளியில் மூன்றாவது ஆசிரியை. நிர்வாகத்திடம் கேட்டு நானே சேர்த்துவிட்டது. நியமனத்தைக் கல்வி அலுவலகம் ஒப்புக்கொண்டால்தான் சம்பளம் வரும். மூன்று ஆண்டுகளாக ஒப்புதல் வரவில்லை. மூன்று ஆண்டுகளாக அவள் சம்பளம் இல்லாமல் பாடம் நடத்தினாள். மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனி அந்தப் பங்குனியில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அவர்களுக்கு ஒரு மகன், அப்போது இரண்டு வயது. அடுத்த ஆண்டு எனக்கு ஓய்வு. நான் போன பிறகு என் மகளுக்காக அந்தப் பள்ளியில் பேச ஆள் இல்லை. அந்த ஆண்டு எண்ணிக்கை அறுபத்தொன்றாக நின்றால் ஒப்புதல் நிச்சயம் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அறுபது என்றால் மூன்றாவது பணியிடமே கிடையாது.

ஜூன் முதல் வாரத்தில் என் பதிவேட்டில் சரியாக அறுபத்தொரு பெயர் இருந்தது. அந்த வாரம்தான் அந்தப் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள்.

அவர் செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தவர். வெளிநாட்டுக்காரர்கள் இருக்கும் நாலைந்து மாதம் வேலை இருக்கும். வெயில் ஏறினால் 'வேணும்னா கூப்பிடறேன்' என்று அனுப்பிவிடுவார்கள். அந்த முறை விடுதியே கைமாறியது. புதிதாக எடுத்தவர் தன் ஆட்களைக் கூட்டிவந்துவிட்டார். ஓசூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி வேலை கிடைத்திருந்தது. தங்க ஒரு அறை தருவார்கள். மனைவிக்கு அங்கேயே வீட்டு வேலை.

"டிசி வாங்கினு போலாம்னு வந்தோம் சார். அங்க பக்கத்துலயே கவர்மென்ட் ஸ்கூல் இருக்குது. பாத்துட்டு வந்துட்டேன். பெரிய கிரவுண்டு சார்."

மகள் ஐந்தாம் வகுப்புக்கு வந்திருந்தாள். நன்றாகப் படிப்பாள். அவரே எழுதப் படிக்கக் கஷ்டப்படுபவர். மகள் தமிழ்ப் பாடத்தை நிறுத்தாமல் படிப்பதைக் கேட்பதற்காக மதிய நேரங்களில் பள்ளி ஜன்னலோரம் வந்து நிற்பார்.

நான் டிசி தருவது பெரிய காரியம் அல்ல. அத்தோடு கணினியில் அவள் பெயரை எங்கள் பள்ளியிலிருந்து விடுவிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் உண்டு. பழைய பள்ளி விடுவிக்காதவரை புதிய பள்ளியில் அந்த எண்ணைச் சேர்க்க முடியாது. நான் விடுவித்தால் என் கணக்கில் அறுபது.

"ஆகஸ்ட் வரைக்கும் இங்கயே படிக்கட்டுமே," என்றேன். "வேலை புதுசு. நீங்க போய் ஒரு நிலைக்கு வாங்க. நடுவுல பிள்ளைய அலைக்கழிக்காதீங்க. ரெண்டே மாசம். ஆகஸ்ட் ரெண்டாம் தேதி நானே எடுத்து வச்சிருக்கேன், வந்து வாங்கிக்கோங்க."

அந்த அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "புள்ளைய உட்டுட்டு எப்பிடிங்க..." என்று இழுத்தார். கணவர் அவரை அடக்கினார்.

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். மீட்டிங்ல சொன்னாரில்ல, படிப்புன்றது பாதி நம்ம பொறுப்பு, பாதி ஸ்கூல் பொறுப்புனு? எங்க பாதிய அவ சித்தி பாத்துக்குவா சார். மீதி நீங்க இருக்கீங்க."

பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் நான் அதைச் சொல்வேன். பதினோரு ஆண்டுகள் சொன்னேன். அதை ஒரு மனிதர் அப்படியே மனசில் வைத்துக்கொண்டு என்னிடமே திருப்பிச் சொன்னது அதுதான் முதல் முறை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவர்கள் ஓசூர் போனார்கள். பெண் சித்தி வீட்டில் தங்கினாள். சித்திக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. அவளும் விடுதிகளில் வேலை பார்ப்பவள். காலையில் ஏழு மணிக்குப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவாள். முதல் இரண்டு வாரம் பெண் பள்ளிக்கு வந்தாள். பிறகு வாரத்தில் மூன்று நாள் வந்தாள். ஜூலையில் நின்றுவிட்டாள். குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள் என்று மற்ற பிள்ளைகள் சொன்னார்கள்.

சித்தி வீடு பள்ளியிலிருந்து வண்டியில் பத்து நிமிடம். நான் போகவில்லை. போயிருந்தால் அந்தச் சித்தியிடம் சண்டை போட்டிருக்க வேண்டும். சண்டை போட்டால், 'அப்ப இட்னு போய் அவ அப்பன்கிட்டயே உட்டுருங்க' என்று சொல்லிவிடுவாள். அதைத்தான் நான் தவிர்த்தேன். பெயர் பதிவேட்டில் இருந்தால் எனக்குப் போதும். தினமும் காலையில் அவள் பெயருக்கு நேராக வந்ததாகக் குறித்தேன். முதல் சில நாள் கை தயங்கியது. பிறகு தயங்கவில்லை. நான் மறைக்க விரும்பாதது இதைத்தான்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதி பௌர்ணமிக்கு மறுநாள். இந்த ஊர்க்காரர்களுக்கு அதன் பொருள் தெரியும். எங்கள் பிள்ளைகளின் பெற்றோரில் பாதிப் பேர் கிரிவலப் பாதையில் சுண்டல், மோர், பொம்மை விற்பவர்கள். மறுநாள் பிள்ளைகள் வீட்டில் தூங்கும். காலை ஏழு மணிக்கே இரண்டு ஆட்டோ வைத்து வீடு வீடாகப் போய் எழுப்பினோம். சிலரை முகம் கழுவாமலே தூக்கி வந்தோம். ஒன்பதரைக்கு எண்ணினேன். அறுபது.

என் டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போனேன். செங்கம் சாலைக்குப் பின்னால் வரிசையாக ஓட்டு வீடுகள். அந்தப் பெண் வாசலில் நின்றிருந்தாள், இடுப்பில் சித்தியின் குழந்தை. என்னைக் கண்டதும் குழந்தையை இறக்கிவிடப் பார்த்தாள், அது இறங்கவில்லை.

"வணக்கம் சார்."

"கெளம்பு. ஆபீசர் வர்றாரு."

"பாப்பாவ யாரு சார் பாத்துப்பாங்க?"

"பாப்பாவையும் தூக்கினு வா."

வண்டியில் எனக்குப் பின்னால் அவள், எங்களுக்கு நடுவில் குழந்தை. போன ஆண்டுச் சீருடை அவளுக்குச் சிறிதாகிவிட்டிருந்தது. பின்பக்கக் கொக்கி மாட்டவில்லை. பள்ளியில் என் மகள் தன் சேலையிலிருந்த ஊக்கைக் கழற்றி மாட்டிவிட்டாள். குழந்தையை வாங்கிக்கொண்டு சத்துணவு அறைக்குப் போனாள். போகும்போது, "அப்பா, இது வேணாம்பா," என்றாள். நான், "உள்ள போ," என்றேன். அவள் உள்ளே போனாள்.

அலுவலர் என்னைவிட இளையவர், நல்ல மனிதர். வரிசை வரிசையாகப் பேனாவால் ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணினார்.

"அறுபத்தொண்ணு. கரெக்டா அறுபத்தொண்ணு! இன்னா சார், அளந்து வச்ச மாதிரி இருக்குதே?"

"கஷ்டப்பட்டுப் புடிச்சது சார்," என்றேன். கூட வந்த எழுத்தர் சிரித்தார்.

அலுவலர் ஐந்தாம் வகுப்பு வரிசையில் அந்தப் பெண்ணைப் பார்த்து, புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தார். பனைமரத்தைப் பற்றிய பாடம். அவள் அந்தப் பாடத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. நாங்கள் அதை நடத்தியபோது அவள் பள்ளியில் இல்லை. எழுந்து நின்று ஓர் இடத்தில்கூடத் தடுமாறாமல் பக்கத்தின் அடிவரை படித்தாள்.

"அட, இவ்ளோ நல்லா படிக்கிறியே! யாரும்மா உன் டீச்சர்?"

அவள் பதில் சொல்வதற்குள் சத்துணவு அறையிலிருந்து குழந்தை வீறிட்டு அழுதது. அவள் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பி, ஓர் அடி எடுத்து வைத்துவிட்டாள். நான் அவளைப் பார்த்தேன். ஆசிரியன் பிள்ளையைப் பார்க்கும் பார்வை என்று ஒன்று உண்டு. முப்பத்து மூன்று ஆண்டுகளில் எனக்கு அது நன்றாகவே படிந்திருந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"இது யாரு சார், அறுபத்திரெண்டா?" என்றார் அலுவலர்.

"என் பேத்திங்க சார்!" என்று சமையல்கார அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தார். அவரை யாரும் சொல்லச் சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தோம். பிள்ளைகளும் சிரித்தார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். வண்டியிலிருந்து இறங்கி, குழந்தையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள்.

"நாளைக்கும் வரணுமா சார்?"

"சொல்லி அனுப்பறேன்," என்றேன்.

சொல்லி அனுப்பவில்லை.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி அவள் அப்பா ஓசூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்தார். ஒரு நாள் விடுப்பு கேட்டு வந்திருந்தார். டிசியை எழுதிக் கொடுத்தேன். கணினியில் பெயரை விடுவிக்கவில்லை. ஒப்புதல் கோப்பு மாவட்ட அலுவலகத்தில் இருக்கிறது, உத்தரவு வரும்வரை எண்ணிக்கையில் கை வைக்காதீர்கள் என்று தெரிந்த எழுத்தர் ஒருவர் எச்சரித்திருந்தார். "சர்வர் வேலை செய்யல. ரெண்டு நாள்ல ஆயிடும்," என்றேன். மகளை அழைத்துக்கொண்டு போனார். பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், இங்க எச்செம்மு டிசிய வாங்கி வச்சிக்கினாங்க. நம்பர் வரலையாம். நம்பர் வந்தாத்தான் பேரு ஏறுமாம். அதுவரைக்கும் வெளிய பெஞ்சுல உக்கார வக்கிறாங்க சார். கம்ப்யூட்டரு எப்ப சார் சரியாவும்?"

"இந்த வாரம் ஆயிடும்."

செப்டம்பரில் அழைத்தார். தீபாவளிக்கு முன்பு அழைத்தார். ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரைத்தான் விசாரித்தார், உடம்பு சரியில்லாத உறவுக்காரரை விசாரிப்பதுபோல. என்மேல் அவருக்குச் சந்தேகம் வரவே இல்லை. வந்திருந்தால் அலுவலகத்தில் போய் ஒரு புகார் எழுதிக் கொடுத்திருப்பார். ஒரே நாளில் முடிந்திருக்கும். எழுதுவதற்கு ஆள் தேடியிருந்தால் என்னிடம்தான் வந்திருப்பார். அப்படிப்பட்ட மனிதர்.

தீபாவளி முடிந்து அவள் மறுபடி சித்தி வீட்டுக்கே வந்துவிட்டாள். ஓசூரில் பெற்றோர் வேலைக்குப் போன பிறகு அறையில் தனியாக இருக்க வேண்டியிருந்தது. இங்கே குழந்தையாவது இருந்தது. பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிக் கணக்கெடுப்பவர்கள் அந்தத் தெருவுக்கும் வந்திருக்கிறார்கள். இவளைப் பார்த்துப் பெயர் கேட்டிருக்கிறார்கள். பட்டியலில் தேடினால் எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு, வருகை குறைவில்லாமல். 'இன்னிக்கு லீவு போட்டியா?' என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். சித்தி இதைப் பிறகு சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். அவளைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே வலையில் நான்தான் ஓட்டை போட்டிருந்தேன்.

பொங்கலுக்குப் பிறகு என் மகளின் ஒப்புதல் உத்தரவு வந்தது. மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து. வீட்டில் பால்கோவா வாங்கினோம். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றே விடுவித்திருக்கலாம். ஆண்டு முடிய நாலு மாதம்தானே, நடுவில் ஏன் என்று தள்ளினேன். மே மாதம் 'ஐந்தாம் வகுப்பு தேர்ச்சி, நடத்தை நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு விடுவித்தேன். அதற்குள் அவள் அப்பா ஓசூரில் இரண்டாவது குடியிருப்புக்கு மாறி, மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தார். ஆறாம் வகுப்பில் சேர்த்தார்களா என்று நான் கேட்கவில்லை. சேரவில்லை என்று பிறகு தெரிந்தது. ஓர் ஆண்டு குழந்தையைத் தூக்கிக்கொண்டிருந்துவிட்டு வகுப்பில் உட்கார அவளுக்கு வெட்கமாக இருந்ததாம்.

நான் ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டு பள்ளியில் முப்பது பிள்ளைகள்கூட இல்லை. மூடிவிட்டார்கள். இப்போது அந்தக் கட்டடத்தில் ஷாமியானாவும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிறார்கள். என் மகளின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒப்புதல் பெற்றவர் என்பதால் வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். வேங்கிக்காலில் வீடு கட்டியிருக்கிறார்கள். நான் அங்கேதான் இருக்கிறேன். பேரன் காலையில் வேனில் ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறான். ஒரு தடவை மகளிடம் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேச்செடுத்தேன். "முடிஞ்சத எதுக்குப்பா கெளர்றீங்க?" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று சத்துணவு அறையில் அவள் கையில் இருந்த அந்தக் குழந்தையின் கனம் அவளுக்கும் நினைவிருக்கும் என்று நினைக்கிறேன்.

போன ஆண்டு அந்தப் பெண் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். பத்தொன்பது வயது. கலெக்டர் அலுவலக வளாகத்தில் ஒப்பந்தக்காரர் மூலம் துப்புரவு வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். ஐந்தாவது படித்ததற்கு ஒரு தாள் வேண்டுமாம். பழைய பதிவேடுகள் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் இருந்தன. கூடப் போனேன். எழுத்தர் பதிவேட்டைத் தூசி தட்டித் திறந்தார். என் கையெழுத்து. ஜூன் முதல் ஏப்ரல் வரை, ஒரு நாள் விடாமல் வந்திருந்தாள்.

"லீவே போடாத பொண்ணா இருக்கியேம்மா!" என்று பாராட்டிக்கொண்டே நகல் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து படிக்கட்டில் நின்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கம்ப்யூட்டர் கெட்டுப்போகவே இல்லை என்று சொன்னேன். அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும் சார். சித்தி அப்பவே சொல்லுச்சு. சாரு பொண்ணு வேலைக்கோசரம்னு."

"அப்பாவுக்கு?"

"அவருக்குத் தெரியாது. இன்னும் சொல்லினுதான் இருக்காரு, சாரு நல்லவரு, அந்தக் கம்ப்யூட்டருதான் சதி பண்ணிடுச்சுனு." கொஞ்சம் சிரித்தாள். "நீங்களும் சொல்லாதீங்க சார். அவருக்கு உங்கள உட்டா வேற யாரத் தெரியும்?"

திட்டியிருந்தால் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். மன்னிப்புக் கேட்கும் சொற்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவற்றைச் சொல்ல இடமில்லாமல் போய்விட்டது. அவளுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள்.

வேலை கிடைத்தது. இந்த ஆண்டு ஓய்வூதியக்காரர்களுக்கான நேர்காணலுக்கு அதே வளாகத்தில் இருக்கும் கருவூலத்துக்குப் போயிருந்தேன். ஆண்டுக்கொரு முறை நாங்கள் நேரில் போய் உயிரோடிருப்பதைக் காட்ட வேண்டும். வராந்தாவில் அவள் துடைத்துக்கொண்டிருந்தாள். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை.

"ஈரமா இருக்குது சார், பாத்து," என்று என் முழங்கையைப் பிடித்துக் காய்ந்த இடத்துக்குக் கொண்டுபோய் விட்டாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "சார், ஒரு ஒதவி. புதுசா கான்ட்ராக்ட் எடுத்தவங்க ஆளக் கம்மி பண்றாங்களாம். இருக்கப்போறவங்க பேர இங்க்லீஷ்ல ஒட்டிருக்காங்க. சூப்பர்வைசரக் கேட்டா நீயே பாத்துக்கோன்றாரு. என் பேரு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்களேன்."

மாடிப்படிக்குப் பக்கத்துச் சுவரில் தாள் ஒட்டியிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே விரலை வைத்துப் பார்த்தேன். அவள் துடைப்பானைச் சாய்த்து வைத்துவிட்டு என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வகுப்பில் விடைத்தாள் திருத்தும்போது பிள்ளைகள் அப்படித்தான் நிற்கும்.

"இல்லம்மா," என்றேன்.

"இன்னொரு வாட்டி பாருங்க சார். எனக்கு எஸ்ஸுல ஆரம்பிக்கும்."

இன்னொரு தடவை முதலிலிருந்து பார்த்தேன். எஸ் எழுத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டும் வேறு பெயர்கள்.